'சரி' என்றால் சரியா?
மூன்று உருக்காலைகளும் நம் பெரியவர்களும்

நம் சங்க அன்பர்களின் வீடுகளில் இன்று இது ஒரு வழக்கமான காட்சி. இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு, பிள்ளையோ பெண்ணோ மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சிகாகோவுடனோ ஃப்ராங்க்ஃபர்ட்டுடனோ பேச ஆரம்பிக்கிறார்கள். பிற நாட்டாருடன் எப்படிப் பேசுவது, எப்படி எழுதுவது என்பதற்குக் கம்பெனிகள் இரண்டு நாள் வகுப்பே நடத்துகின்றன. புனேயில் வேலை பார்க்கும் என் மருமாள் அப்படி ஒரு வகுப்புக்குப் போய்வந்து, "இதெல்லாம் உங்க காலத்துல இல்லையே அப்பா" என்றாள்.

வகுப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் பரீட்சை இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் முதல் தலைமுறை எஞ்சினியர்கள் பிலாயிலும் ரூர்கேலாவிலும் துர்காபூரிலும் அந்தப் பரீட்சையை எழுதினார்கள். நம்மவர்கள் அதில் கணிசமானவர்கள். அவர்கள் எதில் தேறினார்கள், எதில் தவறினார்கள் என்று திரும்பிப் பார்ப்பது இன்றைய பிள்ளைகளுக்கும் உதவும் என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

ஒரே ஆண்டில் மூன்று உலைகள்

1954ல் ஹிந்துஸ்தான் ஸ்டீல் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் தோன்றியது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் (1956–61) ஆண்டுக்குத் தலா பத்து லட்சம் டன் உருக்கு தரும் மூன்று ஆலைகளை எழுப்புவது என்று முடிவாயிற்று. ஒரு நாட்டை மட்டும் நம்பியிராமல் மூன்று நாடுகளின் உதவியைப் பெற்றது அன்றைய அரசு. ஒரிஸ்ஸாவின் (இன்றைய ஒடிசா) ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனி, அன்று மத்தியப் பிரதேசத்தில் இருந்து 2000 நவம்பர் முதல் சத்தீஸ்கரைச் சேர்ந்துவிட்ட பிலாய்க்கு சோவியத் யூனியன், மேற்கு வங்காளத்தின் துர்காபூருக்கு பிரிட்டன்.

ரூர்கேலாவின் முதல் ஊதுலையை 1959 பிப்ரவரி 3 அன்றும், பிலாயினுடையதை மறுநாளே பிப்ரவரி 4 அன்றும் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் துர்காபூரின் முறை வந்தது. ரூர்கேலாவில் தகடு, பிலாயில் தண்டவாளமும் கட்டுமான உருக்கும், துர்காபூரில் ரயில் சக்கரமும் அச்சும் என்று வேலை பங்கிடப்பட்டிருந்தது.

டில்லியில் இந்தத் துறையைக் கவனித்தவர்களிலும் தமிழர் இருந்தனர். 1955 முதல் இரும்பு உருக்குத் துறை டி. டி. கிருஷ்ணமாச்சாரியிடம் இருந்தது. துறையின் செயலாளராக இருந்தவர் ஐ.சி.எஸ். அதிகாரி எஸ். பூதலிங்கம். 'கிருத்திகா' என்ற பெயரில் 'வாசவேச்வரம்' நாவலை எழுதிய மதுரம் பூதலிங்கத்தின் கணவர் என்றால் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். பின்னாளில் சி. சுப்பிரமணியமும் மோகன் குமாரமங்கலமும் உருக்குத் துறை அமைச்சர்களாக இருந்தார்கள்.

ஆலைத் தளத்துக்குப் போன இளைஞர்கள் கிண்டியிலும் அண்ணாமலையிலும் காசி ஹிந்து பல்கலைக்கழகத்திலும் படித்தவர்கள். கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸில் நாகபுரி வரை போய், அங்கிருந்து ஹௌரா செல்லும் வண்டியைப் பிடித்தால் துர்க். அதற்கு அடுத்தாற்போல் பிலாய். கையில் ஒரு ட்ரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், அம்மா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சல். இந்தி அநேகமாகத் தெரியாது. ரஷ்ய மொழியோ ஜெர்மனோ கேட்டதே இல்லை.

எண்ணுக்கும் எழுத்துக்கும் பாஷை உண்டு

எஞ்சினியரிங்குக்கு பாஷை ஏது, வரைபடம் போதாதா என்று தோன்றலாம். வரைபடத்திலேயே முதல் தடுமாற்றம் காத்திருந்தது. நம்மவர் படித்தது அடி, அங்குலம், பவுண்டு. ஜெர்மானிய, ரஷ்ய வரைபடங்களோ மில்லிமீட்டரில் இருந்தன. மெட்ரிக் முறைக்கான சட்டம் இந்தியாவில் வந்தது 1956ல்தான். 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆக, நாடு எடைக்கல்லை மாற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில் இவர்கள் உலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்மானியரும் ரஷ்யரும் தசம இடத்தில் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளி வைப்பார்கள். 12,500 என்று எழுதியிருந்தால் நமக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, எழுதியவருக்குப் பன்னிரண்டரை. கையெழுத்தில் அவர்களுடைய 1 நம் கண்ணுக்கு 7 போலத் தெரியும். அவர்களுடைய 7க்கு நடுவில் ஒரு கோடு இருக்கும்.

திருகாணிக்கும் நாடு உண்டு. பிரிட்டிஷ் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை; மெட்ரிக் மரைக்கு 60. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இந்த நட்டும் அந்த போல்ட்டும் இரண்டு சுற்று ஏறிவிட்டுப் பிறகு இறுகிக்கொள்ளும். பலத்தைக் காட்டித் திருகினால் மரை போய்விடும். மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்று பழைய ஃபோர்மேன் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ரஷ்ய எழுத்து வேறு குழப்பியது. இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானில் அவர்கள் எழுதும் சொல் 'ஸ்தோப்'. ஆங்கில 'ஸ்டாப்'தான். ஆனால் அதன் முதலெழுத்து நம் கண்ணுக்கு ஆங்கில 'சி'. கடைசி எழுத்து வட்டக் கணக்கில் வரும் 'பை' குறி. அவசரத்தில் தேட வேண்டிய பொத்தானின் பெயரையே நிதானமாக எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது.

நேரம் சொல்வதில் மட்டும் தமிழனுக்கு ஒரு சௌகரியம். ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் 'பாதி எட்டு' என்றால் எட்டரை. ஜெர்மானியரும் ரஷ்யரும் 'பாதி எட்டு' என்றால் ஏழரை, அதாவது எட்டாவது மணியில் பாதி. இங்கிலீஷில் யோசித்தவர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். "ஏழரையா, எட்டரையா?" என்று கேட்டுக்கொண்டவர் ஷிஃப்டுக்குச் சரியாக வந்து சேர்வார்.

இனிஷியலும் தகப்பன் பெயரும்

பெயர் சொல்லி அழைப்பதிலும் நமக்கு ஓர் இயல்பான பாலம் இருந்தது. பிலாய் கட்டுமானத்தின் சோவியத் தலைமை எஞ்சினியராக 1957 முதல் 1959 வரை இருந்தவர் திம்ஷித்ஸ். பின்னாளில் சோவியத் அமைச்சரவையின் துணைத் தலைவர்களில் ஒருவரானார். அவரை 'மிஸ்டர் திம்ஷித்ஸ்' என்று அழைப்பது ரஷ்யக் காதுக்கு அந்நியமாக ஒலிக்கும். 'வெனியமின் இம்மானுயிலோவிச்' என்றால்தான் மரியாதை. இம்மானுயிலின் மகன் வெனியமின் என்பது பொருள்.

இது நமக்கு எவ்வளவு பழகிய விஷயம்! நம் பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியல் வேறென்ன? வட இந்திய அலுவலகங்களில் 'உங்கள் சர்நேம் என்ன?' என்று கேட்டு நம்மைப் படுத்தும் பாடு எல்லாருக்கும் தெரியும். தகப்பனார் பெயரைச் சேர்த்துச் சொன்னால் ரஷ்யர் உடனே புரிந்துகொள்வார். அதேபோல ஜெர்மனுக்கும் ரஷ்யனுக்கும் 'நீ', 'நீங்கள்' இரண்டும் உண்டு, ஆங்கிலத்தில் ஒன்றுதான். எப்போது 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு வரலாம் என்ற நுணுக்கம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

பயிற்சிக்கு சோவியத் நாட்டுக்குச் சென்ற சைவ உணவுக்காரர்களின் பாடு தனிக் கதை. அங்கே 'கெஃபிர்' என்று புளித்த பால் கிடைக்கும். தயிருக்கு அது தம்பி முறை. அதை ஊற்றிச் சாதம் பிசைந்து சாப்பிட்டுக் காலம் தள்ளியவர்கள், ஊர் திரும்பியபின் ஆயுள் முழுக்க அதைப் பற்றிப் பேசினார்கள்.

'யெஸ்' என்ற ஆபத்தான சொல்

இவையெல்லாம் எளிதில் கற்கக் கூடியவை. கடினமானது வேறு. அதை என் சொந்த அனுபவத்தால் சொல்கிறேன். எண்பதுகளில் வடக்கே ஓர் ஆலையில் இருந்தேன், பெயர் வேண்டாம். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் எந்த வால்வை முதலில் திறப்பது, எதைக் கடைசியில் மூடுவது என்று அரைமணி நேரம் விளக்கினார். நான் தலையை இடமும் வலமுமாக ஆட்டி, "யெஸ், யெஸ்" என்றேன். பாதி விளங்கவில்லை. மறுநாள் காலை வரிசை மாறிப்போய் இரண்டு மணி நேர வேலை வீணாயிற்று. "நேற்று 'யெஸ்' என்றீர்களே?" என்று கேட்டார். கோபம்கூட இல்லை, குழப்பம்தான்.

நான் சொன்ன 'யெஸ்'ஸுக்கு, 'நீங்கள் பேசுவது காதில் விழுகிறது, மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று அர்த்தம். அவர் அதை 'விளங்கிவிட்டது, செய்துவிடுவேன்' என்று எடுத்துக்கொண்டார். தவறு அவருடையதல்ல.

நம் பாஷையில் மறுப்புக்கு எத்தனை மென்மையான வேஷங்கள்! 'ஆகட்டும்' என்போம், ஆகாது. 'பார்க்கலாம்' என்போம், பார்க்க மாட்டோம். 'முயற்சி பண்றேன்' என்றால் கேட்பவர் வேறு ஆளைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். நம் வீட்டில் இது யாரையும் ஏமாற்றாது. பெண் பார்க்க வந்தவர்கள் 'ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்' என்றால் எல்லாருக்கும் விளங்கிவிடுகிறது. ஒரே வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது நாகரிகம். ஜெர்மானியனுக்கோ ரஷ்யனுக்கோ அது வெறும் தவறான தகவல்.

அதைவிடப் பெரிய தடை, 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்வதில் இருந்த வெட்கம். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, மார்க் வாங்கி, ஊரார் மெச்ச வேலைக்கு வந்தவன் எப்படிப் புரியவில்லை என்பான்? அந்த நிபுணர் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். விளக்கி முடித்ததும், "இப்போது நீங்கள் எனக்கு விளக்குங்கள்" என்பார். முதல் வாரம் அவமானமாக இருந்தது. ஒரு மாதத்தில் அதுவே எனக்குப் பெரிய நிம்மதியாயிற்று.

யார் பக்கத்தில் யார்?

தனி மனிதரின் கூச்சம் ஒருபுறம் இருக்க, ஆலையின் அமைப்பே பேச்சுக்கு உதவவோ தடையாகவோ இருக்கும். இதில் மூன்று ஆலைகளும் மூன்று விதம்.

துர்காபூரைக் கட்டியது பதின்மூன்று பிரிட்டிஷ் கம்பெனிகள் சேர்ந்து அமைத்த 'இஸ்கான்' என்ற கூட்டு நிறுவனம். கட்டி முடித்து ஒப்படைப்பது என்பது ஏற்பாடு. எல்லாருக்கும் ஆங்கிலம் தெரிந்ததால் துபாஷிக்கு வேலை இல்லை. ரூர்கேலாவில் முப்பதுக்கும் மேற்பட்ட ஜெர்மானியக் கம்பெனிகள் தனித்தனியே வேலை எடுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமை, தனி ஆட்கள். பிலாயிலோ சோவியத் தரப்பு ஒரே அமைப்பாக இருந்தது. கட்டுமானம் இந்திய நிர்வாகத்தின் பொறுப்பிலேயே நடந்தது. சோவியத் நிபுணர் பக்கத்தில் நின்று வழிகாட்டுவார். அவரோடு சேர்ந்து அதே வேலையைப் பழக ஓர் இந்தியர் இருப்பார். நடுவில் ஒரு துபாஷி. துபாஷிக்கு உலை தெரியாது, எஞ்சினியருக்கு ரஷ்யம் தெரியாது. ஊதுலையை ரஷ்யர் 'தோம்னா' என்பார்; ஜெர்மானியர் 'ஹோக்ஓஃபன்', அதாவது உயர்ந்த உலை என்பார். துபாஷி தடுமாறும் இடத்தில் இருவரும் சாக்குக்கட்டியை எடுத்துத் தரையில் படம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தொடக்க ஆண்டுகளில் உற்பத்தியில் பிலாய் முந்தியது, ரூர்கேலா திணறியது. இதற்குப் பேச்சுவழி மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ரூர்கேலாவின் தொழில்நுட்பம் அன்றைக்கு மிகப் புதிது. ஆஸ்திரியாவின் லின்ஸ், டோனாவிட்ஸ் என்ற ஊர்களின் பெயரால் எல்.டி. எனப்படும் ஆக்சிஜன் முறையை இந்தியாவில் முதலில் கையாண்டது அந்த ஆலைதான். தகடு உருட்டுவதும் நுட்பமான வேலை. ஆனாலும் மனிதப் பிரச்சினையும் இருந்தது என்பதை ஜெர்மானியர்களே ஒப்புக்கொண்டார்கள். ரூர்கேலாவில் ஜெர்மானியர்களுக்கான சமூக மையத்தை நடத்திய யான் போடோ ஷ்பெர்லிங், அங்கு வந்த தம் நாட்டவரின் நடத்தையையே ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். 1969ல் அது ஆங்கிலத்திலும் வந்தது. தொழில்நுட்ப உதவிக்கு ஒரு மனிதப் பக்கம் உண்டு என்பதுதான் நூலின் பெயரே. உதவி செய்ய வந்த தரப்பைச் சேர்ந்த ஒருவர், 'நாங்கள் எப்படி நடந்துகொண்டோம்?' என்று தம்மவரை நோக்கிக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நாம் எழுதாத வினாத்தாள்

அதே கேள்வியை நாம் நம்மை நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிலாயில் வெளியூர்க்காரர் ரஷ்யர் மட்டுமா? மாம்பலத்திலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் போனவர்களும் அங்கே வெளியூர்க்காரர்கள்தாம். நிலத்தை ஆலைக்குக் கொடுத்துவிட்டு அதே ஆலையில் மண் சுமக்க வந்தவர்கள் சத்தீஸ்கரி பேசினார்கள். ரூர்கேலாவைச் சுற்றி ஆதிவாசி மக்கள். செக்டார் க்வார்ட்டர்ஸில் நாம் நவராத்திரி கொலு வைத்தோம், சபா நடத்தினோம், கோவில் கட்டினோம். எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் இரண்டே ஆண்டில் ரஷ்யம் பேசக் கற்றவர், முப்பது ஆண்டு இருந்தும் சத்தீஸ்கரியில் பத்து வாக்கியம் பேச முடியாமல் ரிடையர் ஆனதும் உண்டு. மேலே இருப்பவனின் பாஷையைக் கற்றால் பிரமோஷன். கீழே இருப்பவனின் பாஷையைக் கற்றால் என்ன கிடைக்கும் என்று நினைத்துவிட்டோம்.

என்ன கிடைக்கும் என்பது எனக்கு ஒருநாள் தெரிந்தது. நான் முன்பு சொன்ன அதே ஆலையில், மழைக்காலத்தில், உருகிய உலோகம் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில், ஈரமணலைப் போடக் கூடாது என்று ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரிடம் என் புத்தக இந்தியில் சொன்னேன். ஈரத்தின்மேல் உருகிய உலோகம் பட்டால் அது நொடியில் ஆவியாகி வெடிக்கும். அவர் பணிவாகத் தலையாட்டி, "ஹாங் சாஹிப்" என்றார். நான் நகர்ந்தேன். சற்று நேரத்தில் அவர் ஈரமணல் கூடையோடு அங்கேதான் போய்க்கொண்டிருந்தார். அவர் ஊரைச் சேர்ந்த மேஸ்திரி தூரத்திலிருந்து அவர்களுடைய பேச்சில் போட்ட ஒரே கூச்சலில் கூடை கீழே விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவர் சொன்ன 'ஹாங்'கும், நான் நிபுணரிடம் சொன்ன 'யெஸ்'ஸும் ஒன்றேதான். பெரியவர் பேசும்போது புரியவில்லை என்று சொல்லக் கூடாது என்ற அதே மரியாதை, அதே பயம். என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்ன அந்த நிபுணரின் பொறுமை எனக்கு என் தொழிலாளியிடம் இல்லாமல் போயிற்று. மறுநாள் முதல் நானும் அந்த வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். அவர்கள் பேச்சில் ஒரு ஐம்பது சொல்லை மேஸ்திரியிடம் கற்றேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள். சிரித்த பிறகு, புரியாததைக் கேட்கவும் ஆரம்பித்தார்கள்.

இங்கே இன்னொருவரையும் நினைக்கத் தோன்றுகிறது. வங்காளத்தின் ஜல்பைகுரியிலிருந்து வந்து பிலாய் ஆலையின் கல்கரி உலைப் பிரிவில் வேலை பார்த்தவர் சங்கர் குஹா நியோகி. பின்னர் பிலாய்க்கு இரும்புத்தாது தரும் தல்லி ராஜஹராவுக்குப் போய், சுரங்கத் தொழிலாளர்களோடு அவர்கள் பாஷையிலேயே பேசி, அவர்களில் ஒருவராக வாழ்ந்தார். 1977ல் அங்கே உருவான தொழிற்சங்கத்தின் தலைவரானார். அந்தத் தொழிலாளர்கள் தங்கள் உழைப்பாலேயே எழுப்பிய மருத்துவமனை 1983ல் திறக்கப்பட்டது. 1991 செப்டம்பர் 28 அன்று பிலாயில் தூங்கிக்கொண்டிருந்தபோது நியோகி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அரசியலோடு நம்மில் பலருக்கு உடன்பாடு இராது. ஆனால் அவரும் நம்மைப் போல வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்தான். எந்தப் பாஷையைக் கற்பது என்பதில் அவர் தேர்ந்தெடுத்தது வேறு.

பிள்ளைகளுக்குச் சொல்ல

பிலாயில் 1972ல் இந்திய சோவியத் நட்பின் நினைவாக 'மைத்ரி பாக்' என்ற பூங்காவை அமைத்தார்கள். சோவியத் யூனியன் 1991ல் இல்லாமல் போயிற்று. பூங்கா இருக்கிறது. மைத்ரி என்ற சொல்லும் இருக்கிறது.

என் மருமாளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். புரியாததைப் புரியவில்லை என்று அன்றே சொல்லிவிடு. முடியாததற்கு 'பார்க்கலாம்' என்று பதில் எழுதாதே. எந்தத் தேதிக்கு முடியும் என்று எழுது. தேதி, எண், அளவு மூன்றையும் ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள். அத்தோடு, உன் ஆபீஸ் வாசலில் நிற்கும் காவலாளி எந்த ஊர், என்ன பாஷை பேசுகிறார் என்று தெரிந்து வைத்துக்கொள். முதல் மூன்றையும் உன் கம்பெனி சொல்லிக்கொடுக்கும். நாலாவதற்கு எந்தக் கம்பெனியும் வகுப்பு வைக்காது.

அவள் சற்று யோசித்துவிட்டு, "ஆகட்டும் அப்பா" என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உருக்காலை நகரங்களில் வேலை பார்த்த நம் பெரியவர்கள் இன்று எண்பதையும் தொண்ணூறையும் தாண்டியவர்கள். நாளுக்கு நாள் குறைந்துவருகிறார்கள். அவர்களுடைய பெட்டியில் பழைய ரஷ்ய அகராதியோ, ஜெர்மன் பாடப் புத்தகமோ, பயிற்சிக் காலப் புகைப்படமோ இருக்கும். அன்பர்கள் அருகில் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்க வேண்டும். கேட்கும்போது இதையும் கேளுங்கள்: உங்கள் கீழே வேலை பார்த்தவர்களின் பெயர் என்ன, அவர்களோடு எந்தப் பாஷையில் பேசினீர்கள்?